எத்தனை பேர் இருப்பீங்க?

சென்னையில் நான் பார்த்த அநேகமாக ஒவ்வொரு வீட்டின் வாசலிலும் முதலில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "எத்தனை பேர் இருப்பீங்க?" சைவமா அசைவமா, எங்கே வேலை, வண்டி உண்டா என்பதெல்லாம் அதற்குப் பிறகு. நானும் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொன்னேன். "ரெண்டு பேர்."

இருபத்து மூன்று ஆண்டுகள் திருச்சியில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் வேலை பார்த்தவள் நான். விபத்துச் செய்தி வந்தால், காயமடைந்தவர்கள் எத்தனை பேர் என்று இரண்டு இடங்களில் கேட்காமல் பக்கத்துக்கு அனுப்பியதில்லை. ஆனால் இந்த இரண்டு பேரில் ஒருவரிடமிருந்து எனக்கு உறுதியான பதில் வந்திருக்கவில்லை. அவர் என் கணவர்.

அவர் திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் நாளிதழின் திருச்சிப் பதிப்பை இன்னொரு பதிப்போடு சேர்த்துவிட்ட பிறகு, சென்னையில் ஓர் இணையச் செய்தி நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மகள் ஏற்கெனவே பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டாள். திருச்சியில் எங்களைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை என்று நான் நினைத்தேன். அவரிடம் கேட்டதற்கு, "நீ முதல்ல போ. நல்ல வீடா பாரு. வீடு அமைஞ்சா வந்துடறேன்" என்றார். சென்னையில் கல்லூரிகளுக்கா பஞ்சம் என்றும் அவரேதான் சொன்னார். ஆக, நாங்கள் சேர்ந்து இருப்போமா, இரண்டு ஊரில் ஆளுக்கொரு பக்கம் இருப்போமா என்பது ஒரு வீட்டைப் பொறுத்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வைகாசி முடியும்போது தி. நகரில் ஒரு மகளிர் விடுதியில் சேர்ந்தேன். ஓர் அறையில் நான்கு கட்டில்கள். மற்ற மூன்று பேரும் என் மகள் வயது. ஒருத்தி என்னை 'ஆன்ட்டி' என்றாள், ஒருத்தி 'மேம்' என்றாள், மூன்றாவது பெண் கூப்பிடுவதையே தவிர்த்தாள். என் பெட்டியைப் பிரித்து அடுக்கவில்லை. அடுக்கினால் அங்கேயே இருக்க வேண்டியதாகிவிடும் என்று தோன்றியது. தினமும் காலையில் துணியை மேலிருந்து எடுத்து, இரவில் துவைத்ததை மேலேயே வைத்தேன். அதனால் ஏழு வாரமும் அதே நான்கு உடைகள்தான் அலுவலகத்துக்குப் போய்வந்தன.

அலுவலக நேரம் மதியம் ஒன்றிலிருந்து. காலையில் வீடு பார்க்கப் போவேன். அலுவலகத்தில் ஒருவர் சொல்லி ஒரு தரகர் கிடைத்தார். நாற்பது வயதிருக்கும். பின்சீட் கிழிந்த ஒரு பழைய ஸ்கூட்டர். ஹெல்மெட்டுக்குள் கைபேசியைச் செருகிக்கொண்டு ஓட்டும்போதே அடுத்த வீட்டுக்காரரிடம் பேசிக்கொண்டு வருவார். "வந்துகினே கீறோம் சார். ஃபேமிலிதான் சார். ரெண்டே பேரு." என் பதிலை அவர் என்னைவிட உறுதியாகச் சொன்னார்.

முதல் வீடு மயிலாப்பூரில், மாட வீதிக்குப் பின்னால் ஒரு மாடிப் பகுதி. வீட்டுக்கார அம்மாள் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு பேசினார்.

"எத்தனை பேர் இருப்பேள்?"

"ரெண்டு பேர்."

"சமையலெல்லாம் எப்படி?"

"நாந்தான் சமைப்பேன்."

"அதைக் கேக்கலை."

புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன் என்றேன்.

"முட்டைன்னா கூடப் பாத்துக்கலாம்னு எங்காத்துல சொல்லிண்டிருந்தார். மீன்னா சரிப்பட்டு வராது. தப்பா நெனச்சுக்காதேங்கோ" என்று கதவின் மீதிப் பாதியையும் சாத்தினார்.

படியில் இறங்கும்போது தரகர் கேட்டார்: "இன்னா மேடம், கேட்டா அப்டியே சொல்லிடுவீங்களா? உள்ள குந்திகினு இன்னா துன்றோம்னு அவங்க வந்து எட்டியா பாக்கப் போறாங்க?"

"வாசனை வருமே."

"அத்தான் சாம்பிராணி கீதே."

அன்று மாலை ஆறு மணி இடைவேளையில் அலுவலக மாடிப்படியில் நின்று கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். "அடுத்ததைப் பாரு" என்றார். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் வீடு, மாலை ஆறு மணிக்கு அதைப் பற்றிய அறிக்கை.

நங்கநல்லூர் வீடு நல்ல வெளிச்சமான வீடு. பெரிய ஆஞ்சநேயர் கோயிலுக்கு நடந்து போகும் தூரம். வீட்டுக்காரர் பேசிக்கொண்டே இருந்தவர், விமானம் ஒன்று தாழ்வாகத் தலைக்கு மேல் போனபோது வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். சத்தம் அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்தார். தான் நிறுத்தியதே அவருக்குத் தெரியவில்லை. இதை அப்படியே மாலையில் சொன்னேன். "நான் வீட்ல உக்காந்து பேப்பர் திருத்தணும். தலைக்கு மேல பிளேன் போனா எப்படி?" என்றார் கணவர். நியாயமாகத்தான் இருந்தது.

கோடம்பாக்கத்தில் பார்த்த வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் சினிமாவுக்கு உடை தைக்கும் கடை. கொடியில் நான்கு ராஜாக்களின் அங்கிகள் காய்ந்துகொண்டிருந்தன. ஒன்றின் மார்பில் தேநீர்க் கறை. தையல் இயந்திரங்கள் ஒன்பது என்று எண்ணிச் சொன்னேன். "ஒன்பதா?" என்றார். அந்த வீடும் போயிற்று. திருவான்மியூரில் பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம், ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று. ஜன்னல் கம்பியைப் பிடித்தபோது துரு பட்டை பட்டையாகக் கையோடு வந்தது. அதையும் சொன்னேன். "உப்புக் காத்து. புத்தகமெல்லாம் பூத்துப் போயிடும்."

அடையாற்றில் பார்த்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. புதிதாக வெள்ளையடித்த சுற்றுச்சுவர். ஆனால் வெயில் சாய்வாக விழுந்தபோது, என் இடுப்பு உயரத்தில், வெள்ளைக்குள் ஒரு மங்கலான கோடு சுவர் நெடுகப் போவது தெரிந்தது. காவலாளியிடம் கேட்டேன். "அது தண்ணி வந்து நின்ன மார்க்கு. எத்தினி கோட்டு சுண்ணாம்பு அடிச்சாலும் மேல வந்துடுது" என்றார்.

தரகர் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். "நம்ம வூடு அங்கதான் இருந்திச்சு மேடம். ஆத்தோரம். அத்தனையும் எட்த்துட்டு, ஊருக்கு வெளிய கொண்டு போய் குட்த்தாங்க. அஞ்சாவது மாடி."

"வீடு எப்படி?"

"குலுக்கல்ல வுழுந்த வூடு. எப்டி இருந்தா இன்னா? ஊருக்கெல்லாம் வூடு காட்றவன் நானு. எனக்கு எவன் காட்னான்?" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். தினமும் காலையில் என்னைக் கூட்டிப்போக அவர் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி வருகிறார் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

சுவர்க் கோட்டை மாலை அறிக்கையில் சேர்த்தேன். கணவர், "அப்பாடா, நல்லவேளை பாத்த" என்றார். அந்த 'அப்பாடா'தான் என் காதில் நின்றது. வெள்ளம் வரும் வீட்டிலிருந்து தப்பித்தவர் சொல்லும் 'அப்பாடா' போல அது இல்லை. விடுமுறை நீட்டிக்கப்பட்டவர் சொல்வதைப் போல இருந்தது.

அன்று விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து பழைய அறிக்கைகளை மனதில் ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்ன எந்தக் குறையும் அவர் கண்டுபிடித்ததில்லை. எல்லாம் நான் எடுத்துக் கொடுத்தவை. எதிர்த்தரப்பைச் சேர்க்காமல் ஒரு செய்தியை முடிக்கக் கூடாது என்பது மேசையில் பழகிய பழக்கம். நல்லதை நாலு வரி சொன்னால் கெட்டதற்கும் நாலு வரி. எந்த வீட்டைப் பற்றியும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அவர் முதல் நாலு வரியை விட்டுவிட்டு இரண்டாவது நாலு வரியை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அடுத்த வீட்டுக்கு வேறு மாதிரிச் செய்வது என்று முடிவு செய்தேன்.

அது தி. நகரில், கடைத்தெரு இரைச்சல் எட்டாத ஓர் உள் தெருவில் இருந்தது. இரண்டு படுக்கையறை. ஒன்றில் புத்தக அலமாரிக்கென்றே சுவரில் இடம். இரு பக்கமும் காற்று. நல்ல தண்ணீர். என் அலுவலகத்துக்கு ஒரே பேருந்து. மாலையில் இதை மட்டும் சொன்னேன்.

"குறை என்ன?" என்றார்.

"ஒண்ணும் இல்ல."

"நீ ஒண்ணும் இல்லங்கறப்பதான் பயமா இருக்கு."

"சமையலறைல ஒரு குழாய் ஒழுகுது."

"அது மாத்திக்கலாம்" என்றார். வேறு வழியில்லாமல் சொன்னது போலிருந்தது. எனக்கு அது போதும்.

வீட்டுக்காரர் அரசாங்க அலுவலகம் ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். ஆனி முடிய ஆறு நாள் இருந்தது. ஆடியில் யாரும் குடிபுக மாட்டார்கள். "ஆனிக்குள்ள ஒரு நல்ல நாள் பாத்துப் பால் காய்ச்சிடுங்க. அப்புறம் சாமான் ஆடியில வந்தாலும் தோஷமில்ல, ஆவணியில வந்தாலும் சரி. ஆனா தம்பதியா வந்து காய்ச்சணும். தனியா ஒருத்தர் காய்ச்சினா எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. சார் எப்ப வருவாரு?"

வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டேன். உறுதி செய்யாமல் நான் சொன்ன இரண்டாவது செய்தி.

கணவர், அட்மிஷன் நேரம், துறைத் தலைவர் விடுப்பில் இருக்கிறார், வெள்ளிக்கிழமை முடியாது என்றார். சனிக்கிழமை? சனிக்கிழமையும் மாணவர் சேர்க்கை. ஞாயிறு?

"ஞாயித்துக்கிழமை வந்துட்டு அன்னைக்கே எப்படித் திரும்பறது?"

"காலைல வந்துட்டு மத்தியானம் கிளம்பலாம். அஞ்சு மணி நேரம்தானே?"

"பால் காய்ச்சறதெல்லாம் இப்படி அவசரத்துல செய்யக் கூடாதும்மா. ஆடி வேற வருது. ஆவணியில நிதானமாப் பாத்துக்கலாம்."

ஆறு நாளில் அவர் ஒருமுறைகூட 'வரமாட்டேன்' என்று சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும். அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மையானவை. துறைத் தலைவர் நிஜமாகவே விடுப்பில்தான் இருந்தார்.

திங்கட்கிழமை தரகர் அழைத்தார். "யக்கா, அந்த வூடு போச்சு. வேற ஒரு ஜோடி வந்து பால் காச்சிட்டாங்க." அவர் என்னை அக்கா என்றது அன்றுதான் முதல் தடவை. "நான் ஓனரான்ட கேட்டுகூட பாத்தேன். சார் வர்லன்னா அவுரு போட்டோவ வெச்சி காச்சலாமான்னு. அவுரு என்னிய பாத்த பார்வை கீதே..."

"போட்டோவா?"

"செத்தவங்களுக்குத்தான் போட்டோ வெப்பாங்கன்னு அப்பால தோணிச்சு. தப்புதான்க்கா."

ஆடி பிறந்தது. வீடு பார்ப்பது நின்றது. ஆளில்லாத வீடுகள் தெருவுக்குத் தெரு இருந்தன. பூட்டிய கதவுகளில் 'வாடகைக்கு' அட்டை ஆடிக்காற்றில் திரும்பித் திரும்பி அடித்துக்கொண்டது. யாரும் காட்ட மாட்டார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். காலை நேரம் முழுதும் கையில் கிடந்தது. விடுதி அறையில் இருக்க முடியாமல் நடந்தேன். பாண்டி பஜார் நடைபாதையில் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் மாட்டி, வெளியே வந்து, எதிரே வந்த பேருந்தில் ஏறி, அது போன இடத்தில் இறங்கி, வேறொன்றில் திரும்பினேன். லஸ் முனையில் மெட்ரோ ரயிலுக்காக அடைத்திருந்த தகரத் தடுப்பை ஒட்டி ஒரு நாள் இருமுறை நடந்தேன். ஒவ்வொரு மாடி ஜன்னலையும் அண்ணாந்து பார்த்து, அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று கொடியில் காயும் துணியை வைத்து எண்ணினேன். அறைப் பெண்களில் ஒருத்தி, புதிதாகக் கல்யாணமாகி வார இறுதியில் மட்டும் கணவர் வீட்டுக்குப் போய்வருபவள், ஆடிக்குத் தாய் வீட்டுக்குப் போகப் பெட்டி கட்டினாள். "ஆடியில சேந்து இருக்கக் கூடாதாம், மேம். பிரிச்சு வெக்கறாங்க" என்று சிரித்தாள். "உங்களுக்கென்ன, அந்தக் கவலையெல்லாம் கிடையாது."

இரண்டாவது வாரம் தரகர் வந்து நின்றார். "யக்கா, ஆடிய பத்திக் கவலைப்படாத பார்ட்டி ஒண்ணு கீது. சாந்தோம். வேதக்காரங்க."

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. கீழே வீட்டுக்காரர், மேலே காலி. வீட்டுக்கார அம்மாள் ஒரு டீச்சர். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தனியாக இருக்கிறார். ஞாயிறு காலை ஐந்தரை மணிப் பூசைக்குக் கிளம்பிவிட்டால் மோட்டாரை நிறுத்தக்கூட ஆளில்லாமல் போய்விடுகிறது என்பதுதான் மாடியை வாடகைக்கு விடுவதற்கு அவர் சொன்ன காரணம்.

"எங்களுக்கு ஆடி, மார்கழி எல்லாம் கிடையாதும்மா. தவக்காலத்துல கல்யாணம் வைக்க மாட்டோம். வீடு மாறலாம். நீங்க மீன் சமைப்பீங்களா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும்."

"மத்த நாள் ஏன் இல்ல? கூடைக்கார அம்மா தினமும் வரும்" என்று சொல்லி, மேசை இழுப்பறையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். எத்தனை பேர் என்று அவர் கேட்கவில்லை. வேறு மாதிரிக் கேட்டார். "சாவி எத்தனை வேணும்?"

தரகர் முந்திக்கொண்டார். "ரெண்டு. ரெண்டு பேரு டீச்சர்."

"ஒண்ணு போதும்" என்றேன். "இப்போதைக்கு நான் ஒருத்திதான். அவர் வர்றது இன்னும் உறுதியாகலை."

தரகர் என்னைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தார். டீச்சர் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார். "சரி. இன்னொண்ணு கீழ இருக்கும். வேணும்னா கேளுங்க." அவ்வளவுதான். வேறெதுவும் கேட்கவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்குக் குறைகளை முதலில் சொன்னேன். உப்புக் காற்று. தண்ணீர் விடியற்காலை நாலரைக்கு வரும், எழுந்து மோட்டார் போட வேண்டும். படிக்கட்டு வெளியே, ஒரு பக்கம் கைப்பிடி இல்லை. புத்தக அலமாரிக்கு இடமில்லை. முடித்துவிட்டு, "புதன்கிழமை குடிபோறேன்" என்றேன்.

"ஆடியிலயா?"

"ஆமா."

"சாமான்?"

"நீங்கதான் ஏத்தி அனுப்பணும். என்னென்னன்னு உங்களுக்கே தெரியும்." எது எதை அனுப்புவது என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை.

புதன்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு போட்டிருந்தேன். காலையில் சின்ன லாரி ஒன்று தெருவில் திரும்ப முடியாமல் பின்பக்கமாக வந்து நின்றது. ஓட்டுநர் ஒரு தாளைக் கொடுத்தார். கணவரின் கையெழுத்து. ஆய்வகத்துக்கு வாங்கும் பொருள்களுக்குப் போடுவது போல வரிசை எண், பொருள், எண்ணிக்கை என்று மூன்று பத்தி. முப்பத்தோரு வரிசை. ஒவ்வொரு அட்டைப் பெட்டியிலும் எண்ணும், மேல் பக்கம் எது என்று அம்புக்குறியும் போட்டிருந்தார். நான் படியடியில் நின்று ஒவ்வொன்றாக டிக் போட்டேன். ஒற்றைக் கட்டில். என் மேசை. என் அகராதிகள், இரண்டு பெட்டி. தையல் இயந்திரம். குக்கர், சிறியது. தட்டு இரண்டு, டம்ளர் இரண்டு. எதுவும் உடையவில்லை, எதுவும் விடுபடவில்லை. முப்பத்தொன்றும் என்னுடையவை. மிக்சி ஜாரைச் சுற்றியிருந்த பழைய வேட்டி மட்டும் அவருடையது. அது பட்டியலில் இல்லை.

மேலே புது அடுப்பில் பால் வைத்தேன். டீச்சர் படியேறி வந்து நின்றார். தரகர் வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வாங்க."

"ஆடி மாசத்துல பால் காச்ற வூட்டுக்கு நான் இது வரிக்கும் போனதில்லக்கா."

"அப்ப வேணாமா?"

"பால் இன்னா பண்ணுச்சு? குடுங்க" என்று டம்ளரை வாங்கி, நின்றபடியே குடித்தார்.

மாலை ஆறு மணிக்குக் கணவர் அழைத்தார். அந்த ஏழு வாரத்தில் அவராக அழைத்தது அதுதான் முதல் தடவை.

"எல்லாம் வந்துச்சா? டிக் போட்டியா?"

"போட்டேன். முப்பத்தொண்ணும் சரி."

"மிக்சி?"

"உடையலை."

"நல்லாத்தான் சுத்தி வச்சேன்" என்றார். பிறகு, "ஆவணி வரட்டும், பாக்கலாம்" என்றார். சரி என்றேன். அவர் அதற்கு மேலும் நான் எதையோ கேட்பேன் என்று காத்திருந்தது போல இருந்தது. நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதற்கான பதில் மூன்று பத்தியில் எழுதி, கையெழுத்துப் போட்டு, என் மேசை மேல் இருந்தது.

விளக்கேற்றும் நேரத்தில் டீச்சர் இரண்டாவது சாவியோடு வந்தார். கடற்காற்றில் கதவு தானாக அறைந்து பூட்டிக்கொள்ளும், ஒரு சாவியை வெளியே யாரிடமாவது கொடுத்து வையுங்கள் என்றார். இந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும் என்று யோசித்தேன். அலுவலகத்தில் பதினாறு பேர். விடுதியில் மூன்று பேர். ஸ்கூட்டரில் ஒருவர்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர்."

அவர் அதை உள்ளங்கையில் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். "அப்ப ஒண்ணு. மோட்டார் போடறது ஒத்தைப்படை நாள் நான், ரெட்டைப்படை நாள் நீங்க. நாளைக்கு உங்க முறை. நாலரைக்குத் தண்ணி வரும். அஞ்சே காலுக்கு மோட்டாரை நிறுத்தலேன்னா டேங்க் வழிஞ்சு என் துளசிச்செடி அழுகிடும்" என்று சொல்லி, கைப்பிடி இல்லாத பக்கம் சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினார்.

நாலேகாலுக்கே விழிப்பு வந்துவிட்டது. ஏழு வாரமாக அப்படித்தான் வருகிறது. இருட்டில் படியிறங்கி, மோட்டார் சுவிட்சின் பக்கத்தில் நின்று, குழாயில் காற்று இரைந்து பிறகு தண்ணீர் ஏறும் சத்தம் கேட்கும்வரை காத்திருந்தேன். நாலு முப்பத்தி மூன்றுக்குப் போட்டேன். ஐந்தே காலுக்கு நிறுத்தினேன். மேலே வந்து, தி. நகர் விடுதியிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறந்து, அடியில் கிடந்த துணிகளை எடுத்து அடுக்கினேன்.